இரண்டு இன்ஜின் இருந்தால் ஸ்டீயரிங்குக்கு மாற்று வேண்டாமா?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கொச்சியில் ஒரு பழைய 42 அடி மோட்டார் யாட் (உல்லாசப் படகு) வாங்கப் போகிறார்கள். இரண்டு டீசல் இன்ஜின், ப்ரொப்பெல்லரைச் சுற்றும் இரண்டு ஷாஃப்ட், இரண்டு சுக்கான் (தண்ணீருக்குள் நின்று படகைத் திருப்பும் பலகை), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். நடுக்கடலில் ஸ்டீயரிங் போய்விட்டால் என்ன கதி என்று கேட்டதற்கு, விற்கிற தரகர், "இரண்டு இன்ஜின் இருக்குதுங்களே, அதுதான் பேக்கப்" என்று சொல்லிவிட்டாராம். அது போதுமா, தனியாக ஏதாவது போட வேண்டுமா, போடுவதானால் எதைப் போடுவது என்பது கேள்வி. எதை வாங்கலாம் என்று கேட்பது போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பது வேறு கேள்வி. ஒன்று கெட்டால் அதோடு சேர்ந்து எதெல்லாம் கெடும், எது தப்பிக்கும்? அதற்குப் பதில் தெரிந்தால் வாங்க வேண்டியது தானாகத் தெரிந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வணிகக் கப்பல்களில் இன்ஜினீயராக இருந்துவிட்டு, இப்போது திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் சிலிண்டர், ஹோஸ் வேலை பார்க்கிறேன். போர்வெல் ரிக் வண்டிகள்தான் பிழைப்பு. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு யாட் பற்றிப் பேசுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கொச்சியில் பழைய கப்பல் நண்பர்கள் சிலர் இந்த மாதிரிப் படகுகளைப் பராமரிக்கிறார்கள். சிலிண்டர் ஒழுகினால் எனக்குப் போன் வரும். ஆகவே ஷாஃப்ட், சுக்கான், ஹைட்ராலிக் இந்த மூன்றையும் கைப்பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். படகுக்கு அடியில் பாட் (ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து திரும்பும் கூடு) தொங்கும் புது வகைகளை நான் பிரித்துப் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் கடைசியில் பொதுவாக மட்டும் சொல்வேன்.

தரகர் சொன்னது பாதி உண்மை. அவர் அதைச் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் விற்கப்படும் பொழுதுபோக்குப் படகுகளுக்கான 2013ஆம் ஆண்டு விதிமுறை, பாய்மரப் படகுகளுக்கும் ஒற்றை இன்ஜின் படகுகளுக்கும்தான் அவசர ஸ்டீயரிங் கட்டாயம் என்கிறது. அதுவும் சுக்கானைத் தூரத்திலிருந்து இயக்கும் அமைப்பு இருந்தால், குறைந்த வேகத்தில் படகைத் திருப்ப ஒரு வழி வேண்டும் என்ற அளவில்தான். இரண்டு இன்ஜின் படகு அந்த வரிக்குள் வரவில்லை. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் இரட்டை இன்ஜின் படகில் அவசர டில்லரை, அதாவது சுக்கான் தண்டின் தலையில் சொருகிக் கையால் திருப்பும் நீளக் கைப்பிடியை, கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பெயருக்கு ஒன்று இருக்கும். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகக் கடலும் கேட்காமல் விட்டுவிடும் என்று நம்ப முடியாது.

இரண்டு இன்ஜினால் எப்படித் திருப்புகிறோம் என்பதைப் பார்ப்போம். டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். டிராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனி. உழவு முனையில் ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் வட்டமடிக்கும். படகிலும் வலது இன்ஜினுக்கு அதிகத் தள்ளுவிசை கொடுத்தால் முகப்பு இடது பக்கம் போகும். இடது இன்ஜினுக்குக் கொடுத்தால் வலது பக்கம் போகும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். மெரினாவில் படகைக் கட்டும்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு "அட, சுக்கானே வேண்டாம் போல" என்று தோன்றிவிடும்.

டிராக்டர் கணக்கு அதற்கு மேல் உதவாது. டிராக்டர் சக்கரம் மண்ணைப் பிடித்திருக்கிறது; படகு தண்ணீரில் வழுக்குகிறது. உங்கள் படகில் இரண்டு ப்ரொப்பெல்லருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர்தான் தள்ளி இருக்கிறது. இன்ஜினின் விசை படகைத் திருப்புவதற்குக் கிடைக்கும் நெம்புகோல் அவ்வளவே. சுக்கானோ படகின் கடைசியில் இருக்கிறது. படகு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அங்கிருந்து ஐந்தாறு மீட்டர் பின்னால். அதன் நெம்புகோல் ஏழெட்டு மடங்கு நீளம். அதனால் சுக்கான் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலே, இன்ஜின்கள் அதை எதிர்த்துத் திணற வேண்டியிருக்கும். சுக்கான் நடுவில் நின்றால் இன்ஜின் ஜெயிக்கும். கோணலாக நின்றால் சந்தேகம். முழுக்கத் திரும்பி இறுகிவிட்டால் தோற்றுவிடும்.

இதற்குப் பேர்போன உதாரணம் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல். 1941 மே 26 அன்று விமானத்திலிருந்து போட்ட டார்பிடோ ஒன்று பின்பக்கம் பட்டு, சுக்கான் இடது பக்கம் 12 டிகிரியில் இறுகிவிட்டது. அதற்கு இரண்டல்ல, மூன்று ப்ரொப்பெல்லர்கள். இன்ஜின்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தும் நேராகப் போக முடியவில்லை. மறுநாள் காலையில் மூழ்கியது. வெறும் 12 டிகிரிதான்.

அப்படியென்றால் சுக்கான் எந்த நிலையில் நின்றுபோகும் என்பதுதான் உண்மையான கேள்வி. அது எது கெட்டது என்பதைப் பொறுத்தது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் வீலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பம்ப். அதிலிருந்து இரண்டு ஹோஸ் பின்பக்கம் போகின்றன. பின்தளத்துக்குக் கீழே உள்ள அறையில் ஒரு சிலிண்டர். அது ஒரு சுக்கானின் டில்லர் கையை (தண்டில் நிரந்தரமாகப் பூட்டிய சின்னக் கை) தள்ளி இழுக்கிறது. இரண்டு சுக்கானையும் டை பார் என்ற ஒரு கம்பி இணைக்கிறது. எல்லாம் இவ்வளவுதான். ஆனால் வீலிலிருந்து சிலிண்டர் வரை எண்ணெய் ஒன்றே, பாதையும் ஒன்றே.

வீல் பம்ப் மட்டும் உள்ளே தேய்ந்து கெட்டால் அது நல்ல கேடு. அதில் உள்ள லாக் வால்வ் வேலை செய்தால் சுக்கான் விட்ட இடத்தில் நிற்கும். மேலே ஒரு வீல், கீழே ஒரு வீல் உள்ள படகானால் இன்னொன்றை வைத்து ஓட்டலாம். ஆட்டோபைலட் பம்பும் கைகொடுக்கும். ஆனால் ஹோஸ் வெடித்தாலோ சிலிண்டர் சீல் போனாலோ கதை வேறு. எண்ணெய் போனால் மேல் வீல், கீழ் வீல், ஆட்டோபைலட் மூன்றும் ஒன்றாகச் சாகும். மூன்றும் அதே ஹோஸில், அதே சிலிண்டரில்தான் தொங்குகின்றன. விளம்பரத்தில் "இரண்டு ஸ்டீயரிங் நிலையம், ஆட்டோபைலட், மூன்று வழி" என்று போட்டிருப்பார்கள். நான் எண்ணினால் அது ஒன்றுதான்.

கப்பல் உலகம் இதைக் கற்றுக்கொண்டது மிகப் பெரிய விலை கொடுத்து. 1978 மார்ச் 16 அன்று அமோக்கோ காடிஸ் என்ற டாங்கர் பிரான்சின் பிரிட்டனி கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்டீயரிங் எண்ணெய்க் குழாயின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் அறுந்தன. எண்ணெய் வெளியேறியது, சுக்கானைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. பாறையில் மோதி 2,20,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதற்குப் பிறகு சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் வந்த திருத்தங்களில், 10,000 டன்னுக்கு மேற்பட்ட டாங்கர்களில் ஸ்டீயரிங்கின் ஒரு பகுதி கெட்டாலும் 45 வினாடிக்குள் திரும்பக் கட்டுப்பாடு கிடைக்க வேண்டும் என்று வந்தது. ஒரு பாதை கெட்டால் அதைத் தனியே அடைத்துவிட்டு, மற்றொரு பாதையில் ஓட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் யாட்டுக்கு சோலாஸ் பொருந்தாது. ஆனால் அந்தச் சிந்தனை பொருந்தும்: கெட்டுப்போன பாகத்தைத் தொடாமல் வேலை செய்வதற்குத்தான் மாற்று என்று பெயர்.

சரி, ஹோஸ் வெடித்துவிட்டது, எண்ணெய் போய்விட்டது. இப்போது சுக்கான்கள் எதிலும் பிடிப்பில்லாமல் தொங்குகின்றன. ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளத் தள்ள அவை தம் இஷ்டத்துக்கு ஆடும். மெதுவாக முன்னே போனால் ஓரளவு தண்ணீர் ஓட்டத்தோடு நேராக நிற்கலாம். நிற்காமலும் போகலாம், அது அந்தச் சுக்கானின் வடிவத்தைப் பொறுத்தது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் சந்தேகமே இல்லை: தண்ணீர் பின்னாலிருந்து வந்து சுக்கானின் பின்விளிம்பில் அடிக்க, அது ஒரு பக்கம் படாரென்று போய் முட்டும். பிடிப்பில்லாத சுக்கானோடு ரிவர்ஸ் போடவே கூடாது. இன்ஜினால் திருப்பலாம் என்று நினைப்பவர்களின் கை முதலில் போவது ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போடுவதற்குத்தான். கரையில் கட்டும்போது கைவந்த பழக்கம், கடலில் எதிரியாகிவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் சுக்கானை நடுவில் கொண்டுவந்து பூட்டு, பிறகு இன்ஜினால் திருப்பு. நடுவில் பூட்டுவதற்கு என்ன வேண்டும்? அதற்குத்தான் அவசர டில்லர். டில்லரைத் திருப்புகிற சாமான் என்று மட்டும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதன் முதல் வேலை பிடித்து நிறுத்துவது. டில்லரைச் சொருகி, சுக்கானை நேராக்கி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிவிட்டால், அதற்கப்புறம் தரகர் சொன்ன இரண்டு இன்ஜின் பேச்சு உண்மையாகிறது. அவசர டில்லர் இல்லாவிட்டால், தண்டில் பூட்டியிருக்கும் டில்லர் கையிலேயே நேராகக் கயிறு கட்டலாம். குனிந்து, ஆடும் படகில், கையை நசுக்கிக்கொள்ளாமல் கட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

நான் பார்த்த ஒரு படகைச் சொல்கிறேன். சிலிண்டர் சீல் மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்ததும், "அவசர டில்லர் இருக்குதா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று காட்டினார்கள். கேபினில் படுக்கைக்குக் கீழே, மேலே இரண்டு லைஃப் ஜாக்கெட் மூட்டை, ஒரு மீன்பிடித் தூண்டில் பெட்டி. எடுத்து வந்தோம். பெயிண்ட் மினுமினுவென்று இருந்தது. சுக்கான் தண்டின் தலையில் இருக்கும் சதுர முனையில் சொருகப் பார்த்தால் பாதிதான் இறங்கியது. தொழிற்சாலையில் குழிக்குள் அடித்த பெயிண்ட் அப்படியே காய்ந்திருந்தது. அரத்தால் தேய்த்து உள்ளே இறக்கினோம். இப்போது திருப்பினால் இடது பக்கம் நன்றாகப் போகிறது, வலது பக்கம் பத்து டிகிரி தாண்டியதும் ஜெனரேட்டர் பெட்டியின் மூலையில் முட்டுகிறது. பிற்பாடு யாரோ ஜெனரேட்டர் வைத்தபோது டில்லரைப் பற்றி யோசிக்கவில்லை. ஓனர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. கைப்பிடியை வளைத்து மேல்நோக்கிப் போகும்படி ஒரு லேத்தில் மாற்றிக் கொடுத்தோம்.

இன்னொரு சங்கதியையும் அங்கே கவனித்தோம். வீல் பம்ப்தான் கெட்டிருக்கிறது, சிலிண்டரில் எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று வையுங்கள். அப்போது டில்லரைச் சொருகி எவ்வளவு முக்கினாலும் அசையாது. எண்ணெய் சிலிண்டரைப் பூட்டி வைத்திருக்கும். சிலிண்டரின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும், அல்லது சிலிண்டர் முனையின் பின்னைக் கழற்றி டில்லர் கையை விடுவிக்க வேண்டும். பைபாஸ் வால்வ் இல்லாத படகுகள் நிறைய. அதைப் போடுவது பெரிய வேலை இல்லை. இரண்டு T வடிவ இணைப்பு, ஒரு பால் வால்வ் (ball valve), கொஞ்சம் ஹோஸ். பின்னைக் கழற்ற வேண்டிய ஸ்பேனர் எந்த அளவு என்று பார்த்து, அதே அளவு ஒன்றை அந்த அறையிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். டூல் பாக்ஸில் இருக்கிறது என்பது பதில் ஆகாது.

டில்லரைக் கையால் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும்? சுக்கானில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6 நாட் (knot, மணிக்கு 6 நாட்டிகல் மைல்) வேகத்தில் இருப்பதைவிட 18 நாட் வேகத்தில் ஒன்பது மடங்கு. ஆறு நாட் வேகத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தபடி தள்ளக்கூடியது, பதினெட்டில் இரண்டு பேர் தொங்கினாலும் நடக்காது. எனவே அவசர டில்லர் என்றாலே மெதுவாகப் போவது என்றுதான் அர்த்தம். டில்லரைத் தண்டிலிருந்து முன்பக்கம் நோக்கிப் பொருத்தினால் இடது பக்கம் தள்ளும்போது படகு வலது பக்கம் திரும்பும். பின்பக்கம் நோக்கிப் பொருத்தினால் நேர்மாறு. பதற்றத்தில் இது எல்லோருக்கும் குழம்பும். ஒரு பெயிண்ட் அம்பு போட்டு வையுங்கள். கீழே இருப்பவருக்குக் கடல் தெரியாது. மேலே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. ஒரு ஜோடி வாக்கிடாக்கி போதும். அலை பின்னாலிருந்து வரும்போது அந்த அறையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் ஓட்டாதீர்கள். தண்ணீர் உள்ளே இறங்கினால் ஸ்டீயரிங் கவலை சின்னதாகிவிடும்.

சுக்கானைப் பூட்டியபின் இன்ஜினால் ஓட்டும் முறை. முதல் வேலை, இரண்டு இன்ஜினின் சுற்றையும் ஒன்றாக வைக்கும் சின்க்ரனைசர் சுவிட்சை அணைப்பது. அதை மறந்தால் நீங்கள் ஒன்றைக் கூட்டக் கூட்ட மற்றதும் கூடவே ஏறும், படகு நேராகவே போகும், மண்டை காயும். அப்புறம் ஒரு இன்ஜினை ஒரே சுற்றில் விட்டுவிட்டு, மற்றதை மட்டும் கூட்டிக் குறையுங்கள். கொஞ்சம் மாற்று, காத்திரு, முகப்பு நகர ஆரம்பித்ததும் உடனே திரும்பக் கொண்டுவா. படகு பதில் சொல்லத் தாமதமாகும். புதியவர்கள் அந்தத் தாமதத்தில் பொறுமை இழந்து இன்னும் கூட்டிவிடுவார்கள், படகு பாம்பு ஊர்வது போல் போகும். மேலெழுந்து பாயும் வேகத்தில் இதைச் செய்யவே கூடாது. அலையை எதிர்கொண்டு போவது சுலபம். அலை பின்னாலிருந்தோ பின்பக்கக் கோணத்திலிருந்தோ வந்தால் படகின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பக்கம் தள்ளும். அதைப் பிடிக்கும் அளவுக்கு இன்ஜினால் சீக்கிரம் பதில் சொல்ல முடியாது. அப்போது பக்கவாட்டில் சரியும் ஆபத்து நிஜம். பிடித்துப் போக வேண்டிய துறைமுகம் அலையோடு போகும் திசையில் இருந்தால், இன்னொரு துறைமுகத்தை யோசிப்பதே மேல். 6 நாட் வேகத்தில் 20 நாட்டிகல் மைல் என்பது மூன்று மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் த்ராட்டிலிலிருந்து கை எடுக்க முடியாது. ஆள் மாற்ற ஆள் வேண்டும்.

சுக்கானே இறுகிவிட்டால்? மிதக்கும் மரக்கட்டையில் இடித்துத் தண்டு வளைந்தால் இது நடக்கும். இரட்டைச் சுக்கான் படகுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. இடிபட்டது பெரும்பாலும் ஒன்றுதான். டை பாரைக் கழற்றிவிட்டால் மற்றது விடுதலை. நல்ல சுக்கானை டில்லராலோ, சிலிண்டர் அந்தப் பக்கமே இருந்தால் வீலாலோ திருப்பலாம். வளைந்த சுக்கானுக்கு முன்னால் இருக்கும் இன்ஜினை மெதுவாக்கிவிட்டால் அதன் மேல் பாயும் தண்ணீர் குறையும், இழுப்பும் குறையும். டை பாரின் நட் துருப்பிடித்து இறுகியிருந்தால் இந்தச் சலுகை கையை விட்டுப் போகும். வருடம் ஒரு முறை கழற்றி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். டில்லர் இரண்டு தண்டிலும் சொருகுமா என்றும் பாருங்கள். பல படகுகளில் ஒரு தண்டுக்கு மட்டும்தான் மேலே வழி இருக்கும்.

இதைத் தவிர மற்றவை. முன்பக்கத்து பவ் த்ரஸ்டரை (முகப்பைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன ப்ரொப்பெல்லர்) வைத்துத் திருப்பலாமே என்பார்கள். படகு கிட்டத்தட்ட நின்றிருக்கும்போதுதான் அது வேலை செய்யும். எலக்ட்ரிக் த்ரஸ்டர் சில நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும். துறைமுகத்துக்குள் நுழைந்து கட்டும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள். பின்னால் கயிற்றில் ட்ரோக் (தண்ணீரில் இழுபட்டுத் தடை கொடுக்கும் குடை போன்ற சாமான்) கட்டி இழுத்து, கயிற்றை இடம் வலம் மாற்றித் திருப்புவது பாய்மரப் படகுக்காரர்கள் நம்பும் முறை. அலையில் படகின் பின்பக்கம் அலைபாய்வதை அது குறைக்கும். ஆனால் இரண்டு ப்ரொப்பெல்லர் சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கயிறு விடுகிறோம். கயிறு தளர்ந்தால் சுற்றிக்கொள்ளும், ஸ்டீயரிங்கோடு இன்ஜினும் போகும். பழகாமல் வேண்டாம் என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பழகியவர்கள்.

உண்மையான இரண்டாவது பாதை வேண்டுமென்றால் இரண்டாவது சிலிண்டர் போட்டு, அதை ஆட்டோபைலட்டுக்கென்று தனிப் பம்ப், தனி ஹோஸ், தனி எண்ணெய் என்று பிரித்துவிடலாம். வீல் பக்கம் வெடித்தால் ஆட்டோபைலட் கைப்பிடியில் ஓட்டலாம். ஒன்று ஓடும்போது மற்றது தானாக பைபாஸ் ஆகும்படி வால்வ் வேண்டும். இது நல்ல ஏற்பாடு. லட்சத்தீவுப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் நான் போடச் சொல்வேன். கொச்சிக் காயலிலும் கரையோரத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போகிறவர்களுக்கு, அந்தக் காசை ஹோஸ் மாற்றுவதில் போடுவது புத்திசாலித்தனம்.

ஹோஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், அது என் தொழில். பழைய படகில் ஸ்டீயரிங் ஹோஸ் எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. ரிக்கில் ஹோஸ் வெடிக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஏதோ ஒரு தகட்டின் விளிம்பில் உரசும் வளைவு, அல்லது கிரிம்ப் செய்த முனைக்குப் பக்கத்தில். படகிலும் அதே. பல்க்ஹெட் (படகின் உள்ளே இருக்கும் குறுக்குச் சுவர்) துளை வழியாகப் போகும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். மேல்தோல் தேய்ந்து பின்னல் நூல் கையில் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். சிலிண்டர் தண்டைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வீலைப் பத்துத் தடவை இடம் வலம் திருப்பி மறுபடி துடைத்தால், சீலின் வயது துணியில் தெரியும். மெல்லிய படலம் பரவாயில்லை, சொட்டு நின்றால் வேலை இருக்கிறது. மேல் வீல் ரப்பர் போல விட்டுக்கொடுத்தால் எண்ணெய் குறைந்து காற்று ஏறியிருக்கிறது. காற்று உயரமான இடத்துக்குத்தான் போகும், அதனால் மேல் வீல்தான் முதலில் சொல்லும். முக்கால்வாசி ஸ்டீயரிங் சாவுகள் இந்த மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. தயாரிப்பாளர் சொன்ன ஹைட்ராலிக் எண்ணெய் இரண்டு லிட்டர் படகில் எப்போதும் இருக்கட்டும். அது தீர்ந்து நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் பல அமைப்புகளில் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை ஊற்றிக் கரை சேரலாம். உங்கள் மேனுவலில் பார்த்து வையுங்கள். பிரேக் ஆயில் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

பவர் அசிஸ்ட் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்பை எந்த இன்ஜின் சுற்றுகிறது என்று பாருங்கள். சில படகுகளில் ஒரு இன்ஜின் மட்டும்தான். அந்த இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், அதே நேரத்தில் படகும் நின்ற இன்ஜின் பக்கம் இழுக்கும். இரண்டு தொல்லையும் ஒரே காரணத்தில் ஒன்றாக வரும்.

வேறு வகைப் படகு பார்ப்பவர்களுக்காக: அவுட்போர்டிலும் (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) ஸ்டெர்ன் டிரைவிலும் (இன்ஜின் உள்ளே, ப்ரொப்பெல்லர் கால் வெளியே) சுக்கான் கிடையாது, ப்ரொப்பெல்லர் இருக்கும் காலே திரும்புகிறது. இரண்டையும் இணைக்கும் டை பார்தான் அங்கே உயிர்நாடி. எண்ணெய் போனால் கால்களை நடுவில் கட்டிவிட்டு மேலே சொன்னது போல இன்ஜினால் ஓட்டலாம். வோல்வோ பென்டா ஐபிஎஸ் போன்ற பாட் வகையில் ஒவ்வொரு பாடும் தனியாக மின்னணுக் கட்டளையில் திரும்புகிறது. ஒன்று கெட்டால் மற்றது ஓடும் என்பது அதன் பலம். ஆனால் சாவியும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு நாம் கைவைக்க அங்கே அதிகம் இல்லை. பேட்டரியும் வயரிங்கும் எவ்வளவு தனித்தனியாக இருக்கின்றன என்பதை அந்தக் கம்பெனி ஆளிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் சோதனை ஓட்டத்தில், காற்று குறைந்த காலை நேரத்தில், திறந்த நீரில், விற்பவரைக் கூடவே வைத்துக்கொண்டு மூன்று விஷயம் செய்யச் சொல்லுங்கள். வீலைத் தொடாமல் நடுவில் விட்டு இன்ஜினால் மட்டும் ஒரு மிதவையை நோக்கி ஓட்டுவது. பிறகு சுக்கானை ஒரு பக்கம் ஐந்து டிகிரி, அப்புறம் பத்து டிகிரி வைத்துவிட்டு அதே போல முயல்வது. கடைசியில் படகை நிறுத்தி, பைபாஸைத் திறந்து, டில்லரைச் சொருகி இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக் காட்டுவது. எந்தக் கோணத்தில் உங்கள் படகு இன்ஜின் பேச்சைக் கேட்காமல் போகிறது என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துவிடும். அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு அடிப்பகுதிக்கும் அது மாறும். கப்பல்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அவசர ஸ்டீயரிங் பயிற்சி கட்டாயம். வாங்கியபின் நாலு பேரும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு முறை டில்லர் முனையில் உட்கார்ந்தால் போதும். விஎச்எஃப் ரேடியோவின் சேனல் 16ஐயும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் வீலுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கோணலில் இறுகிய சுக்கானோடு மழைக்காலக் கடலில் வீரம் காட்டுவதைவிடக் கூப்பிடுவது மேல்.

டில்லரே இல்லை என்று விற்பவர் சொன்னால் அதற்காகப் படகை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை, விலையில் பேசிக்கொள்ளுங்கள். சுக்கான் தண்டின் சதுர முனையை வெர்னியரில் அளந்து, அறையின் இரண்டு மூன்று படங்களோடு இங்கே போடுங்கள். 316 ஸ்டெயின்லெஸ் குழாயில் இரண்டாகப் பிரித்து மாட்டுவது போல ஒன்று செய்வதற்கு நம்ம பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. அளவெடுக்கும்போது மேல்தளத்து மூடியிலிருந்து சதுர முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும், சுற்றிலும் எந்தப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.